தீவுப் பயணத்தில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து சிறு குழுக்களை அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் கூட்டிச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு, வணக்கமுங்க.

நீங்கள் செய்வது நல்ல வேலை. பஸ் நிறைய ஆள் ஏற்றிப் போவதைவிட எட்டுப் பேராகப் போவது தீவுக்கும் நல்லது, போகிறவர்களுக்கும் நல்லது. எங்கள் குறையெல்லாம் நாள்கணக்கில்தான். ஐந்து நாளில் நான்கு தீவு, ஸ்கூபா, ஆமை தரிசனம் என்று அடுக்குகிறீர்கள். கடல் ஒத்துழைக்காவிட்டால் சமாளிக்க என்று ஒரு நாளைக்கூடச் சும்மா விட்டுவைப்பதில்லை.

முதலில் பருவம். பனியன் கம்பெனிகள் மொத்தமாக மூடுவது தீபாவளிக்கு என்பதால் பயணத்தையும் அப்போதே வைக்கிறீர்கள். அக்டோபர், நவம்பர் வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம். பள்ளி விடுமுறை என்று மே கடைசிக்குத் தள்ளினாலும் ஆகாது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் முன்பே, மே மூன்றாம் வாரவாக்கில் அந்தமானுக்கு வந்துவிடும். பொங்கல் விடுமுறைதான் பொருத்தம். கடல் அடங்கியிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், ஆமைகள் கரையேறும் காலமும் அதுவே.

பொங்கலிலும் சில நாள் காற்று எழும். அன்று ஹேவ்லாக் தீவிலிருந்து போர்ட் பிளேருக்கு வரும் படகை நிறுத்திவிட்டால், அடுத்த நாள் சீட்டுகள் முன்பே விற்றுப்போயிருக்கும். எட்டுப் பேருக்கும் ஒரே படகில் இடம் கிடைக்காது. அதனால் கடைசி இரண்டு இரவும் போர்ட் பிளேரிலேயே இருக்கட்டும். படகு ஓடினால் அந்த நாளில் செல்லுலார் சிறையைப் பார்க்கலாம், ஓடாவிட்டால் விமானம் தப்பாது. சென்னையில் இறங்கியதும் தனி டிக்கெட்டில் கோவை விமானம் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. பகலில் சென்னை வந்து, இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்புவது நிம்மதி.

அந்தச் சும்மா நாள் உயிரையும் காக்கும். ஸ்கூபாவில் இறங்கும்போது அழுத்தத்தால் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அது மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், குறைந்த அழுத்தத்தில் குமிழிகளாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பதுதான். ஒருமுறை மட்டும் மூழ்கினால் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமும் குறைந்தபட்ச இடைவெளி. பிற்பகல் 3 மணிக்கு இரண்டாம் முறை மூழ்கி எழுந்தவரை மறுநாள் காலை 7 மணி விமானத்தில் ஏற்றினால் அது 16 மணி நேரம்தான்.

ஸ்கூபாவுக்கான மருத்துவப் படிவத்தை முன்பணம் வாங்கும்போதே கொடுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை என்று எதற்காவது ‘ஆம்’ வந்தால் மருத்துவர் கையெழுத்து தேவைப்படும். அதை ஊரிலேயே வாங்கிவிடலாம். கடற்கரையில் வைத்துக் கேட்டால், கட்டிய பணம் போகிறதே என்று மறைத்துவிடுவார்கள். மூச்சுக்குழல் சுருங்கியவருக்கு மேலே வரும்போது உள்ளே சிக்கிய காற்று விரிந்து நுரையீரலையே கிழிக்கும். காப்பீட்டில் ஸ்கூபாவுக்கு விலக்கு இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் இருக்கும்.

ஆமைக்கு வருவோம். அந்தமானில் ரங்கத் அருகே கத்பர்ட் பே, டிக்லிபூர் அருகே காளிப்பூர் ஆகிய கடற்கரைகளில் அவை முட்டையிட ஏறுகின்றன. ஏறும்போதும் குழி தோண்டும்போதும் வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ கண்டால், முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு, வனத்துறை ஊழியர் சைகை காட்டினால் மட்டும், பின்புறமாக நெருங்கலாம். விளக்கு சிவப்பாக இருக்கட்டும். செல்போன் பைக்குள் இருக்கட்டும். பார்க்கலாம் என்று விளம்பரத்தில் உறுதி கொடுத்துவிட்டு ஒரே ஒரு இரவை ஒதுக்கினால், அந்த இரவில் எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்ற நெருக்கடி கூட வரும் வழிகாட்டி தலையில் விழுகிறது. அவர் விளக்கடிக்கிறார், ஆமை திரும்புகிறது. இரண்டு இரவு கொடுங்கள், ‘தென்படலாம்’ என்று மட்டும் எழுதுங்கள்.

டிக்லிபூர் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்தை ஊடுருவிச் செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் குறித்த நேரத்துக்கு மட்டும் வண்டிகளை வரிசையாக விடுவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, அந்த மக்களைப் படமெடுப்பது குற்றம். இதை வண்டி ஏறுமுன் சொல்லுங்கள். மாங்குரோவ் ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் கால் நனைக்கக்கூட விடாதீர்கள். செத்த பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்துவர விடாதீர்கள். பவளம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, விமான நிலையச் சோதனையில் மாட்டும்.

லட்சத்தீவுக்கு இந்தியருக்கும் நுழைவு அனுமதி வேண்டும். அது கைக்கு வருமுன் கொச்சியிலிருந்து கப்பலோ விமானமோ எடுக்காதீர்கள்.

கலாபகோஸ் வரை போக நினைப்பவர்களுக்கும் ஒன்று. அந்தத் தீவுகள் எக்வடாரைச் சேர்ந்தவை, எக்வடார் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது ஊசி போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

சும்மா நாள் சேர்ந்தால் தலைக்கு இரண்டு மூன்றாயிரம் கூடும் என்று தயங்குவீர்கள். அதை விலையில் வெளிப்படையாகச் சேருங்கள். கடல் ஒத்துழைக்காமல் பயணம் அதற்கு மேலும் நீண்டால் விடுதிச் செலவு யாருடையது என்பதையும் முன்பண ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தீவுப் பயணத் துறையில் உள்ள சிலர், கோவை