கருப்பட்டிக்கும் கணக்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது: ‘அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள், நாட்டுச் சர்க்கரைக்கு மாறுங்கள்.’ முதல் பாதியில் வாதாட இடமுண்டு. இரண்டாம் பாதியை நம்பும் சர்க்கரை நோயாளிக்குக் கெடுதல்தான் மிச்சம்.

ஒரு டம்ளர் காபிக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 10 கிராம், 40 கலோரி. கருப்பட்டியில் இனிப்பு சற்று மட்டு என்பதால் அதே காபிக்கு 15 கிராம் துண்டு விழும்; அது ஏறக்குறைய 55 கலோரி. சீனியில் இருக்கும் சுக்ரோஸ்தான் வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி. ‘இரும்புச்சத்து இருக்கிறதே’ என்பார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கரும்பு வெல்லத்தில் இரும்பு சுமார் 4.6 மில்லிகிராம். 15 கிராமுக்கு 0.7 மில்லிகிராம் தேறும். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவதோ 29 மில்லிகிராம். இரும்புக்காக வெல்லம் தின்பதைவிட முருங்கைக்கீரை வாங்குவது மேல். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் ‘ஹைட்ரோஸ்’ என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம், காய்ச்சும்போதே சீனி கலந்ததாகவும் இருக்கலாம். கறுத்த வெல்லத்தைக் கடைக்காரர் தள்ளி வைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

தேனும் இந்தக் கணக்குக்குத் தப்பாது. சீனி ஒரு தேக்கரண்டி 5 கிராம். தேன் கனமானது, அதே கரண்டியில் 7 கிராம் நிற்கும். கலோரி இரண்டிலும் 20 தான். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் சேனை என்று தேன் தொட்டு வைக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் பச்சிளங்குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும்.

இனி மாத்திரைக்கு வருவோம். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் ஆஸ்பர்டேம் என்ற இனிப்பூட்டியை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை அல்ல. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதைக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அதே நாளில், உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான கூட்டு நிபுணர் குழு பழைய வரம்பை மாற்றவில்லை: நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் 18 மில்லிகிராம் இருந்தால், வரம்பைத் தொட 130 மாத்திரைக்கு மேல் வேண்டும்.

குழந்தைகளின் கணக்கு வேறு. ஒரு டயட் குளிர்பான டப்பாவில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை ஆஸ்பர்டேம் இருக்கலாம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு வரம்பு 800. மூன்று, நான்கு டப்பாவில் முடிந்துவிடும். குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று லேபிளில் போட்டிருப்பதைப் பெற்றோர் படிக்க வேண்டும். ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் ஆஸ்பர்டேமைத் தொடவே கூடாது.

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் பாதிதான் மக்களைச் சேர்ந்தது. உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது அது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்றும், ‘இயற்கை’ இனிப்பூட்டி எனப்படும் ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் அடங்கும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. சென்னையில் நடந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் 12 வாரம் காபி, டீயில் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் சொல்லும்படியான மாற்றமில்லை. எடை சற்றே குறைந்தது. பயந்த அளவுக்குக் கெடுதலும் இல்லை, விளம்பரம் சொல்லும் அளவுக்கு நன்மையும் இல்லை.

‘ஸ்டீவியா இலையிலிருந்து வருவதுதானே?’ வருவது இலையிலிருந்துதான். ஆனால் அதற்கும் வரம்பு உண்டு: அதன் இனிப்புச் சேர்மங்களின் அடிப்படைப் பொருளான ஸ்டீவியால் கணக்கில், நாளொன்றுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய 150 கிராம் சீனியின் இனிப்புக்குச் சமம். ஆஸ்பர்டேமின் வரம்பை அப்படியே மாற்றிப் பார்த்தால் 480 கிராம் வரும். ‘இயற்கை’ என்று பேர் வாங்கியதற்குத்தான் வரம்பு நெருக்கம்! அதோடு, ஒரு கிராம் ஸ்டீவியா பாக்கெட்டில் ஸ்டீவியா கொஞ்சமே. மீதி எரித்ரிட்டால், லாக்டோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்பிகள். எடை அதிகமான பொருள்தான் பட்டியலில் முதலில் வரும் என்பதால், முதல் பெயரைப் பார்த்தாலே விளங்கிவிடும். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் முதலில் இருந்தால் அது மாவுச்சத்து, சர்க்கரையை ஏற்றும். எரித்ரிட்டாலுக்கும் ரத்த உறைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தது 30 கிராம். ஒரு பாக்கெட்டைக் கண்டு பதற வேண்டியதில்லை. எரித்ரிட்டால் சேர்த்த ‘கீட்டோ’ ஐஸ்கிரீமை டப்பா டப்பாவாக தின்பவர்கள் யோசிக்கலாம்.

ஸ்வீட் கடைகளின் ‘சுகர் ஃப்ரீ’ மைசூர்பாகு தனிக் கதை. சுக்ரலோஸில் கம்பிப் பதம் வராது. இனிப்பு இருக்கும், பாகு இருக்காது. அந்த உடம்பைக் கொடுக்க மால்ட்டிட்டால் (லேபிளில் எண் 965), சார்பிட்டால் (எண் 420) சேர்ப்பார்கள். மால்ட்டிட்டாலில் சீனியின் பாதிக்கு மேல் கலோரி இருக்கிறது, ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். நாலு துண்டு சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதியாகும். நெய்யும் கடலை மாவும் குறைந்தபாடில்லை. ஒரு துண்டில் 10 கிராம் நெய் இருந்தாலே 90 கலோரி.

மாத்திரைதான் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்த பிறகு டம்ளரில் போடுங்கள். ஆஸ்பர்டேம் கொதியில் சிதைந்து இனிப்பிழக்கும். ‘இனிக்கவே இல்லை’ என்று இன்னொன்று போடுவது இதனால்தான். சுக்ரலோஸ் காபிச் சூட்டைத் தாங்கும். ஆனால் 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் எச்சரித்தது. பேக்கரி வகைகளுக்கு வேண்டாம். இதைவிட நல்ல வழி, இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்கி, பிறகு அரையாக்குவது. நாக்கு பழகிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்குத் திடீரெனச் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கும்போது இனிப்பூட்டி மாத்திரையோ டயட் பானமோ பயன்படாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரையும் சேர்த்து எடுப்பவராக இருந்தால் சீனியும் வெல்லமும் கருப்பட்டியும் கைகொடுக்காது. சுக்ரோஸ் உடைவதைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலை. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடி இருந்தே ஆக வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

– உணவியல் துறை வாசகர், திருநெல்வேலி