தம்பி சொல்லித்தான் தெரியும்

அன்பான பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஒரு கிழமையாக மழை விடவில்லை, முற்றத்து முருங்கை முறிந்து விழுந்துவிட்டது. பொடியனுக்குச் சளி எப்படி? நீ வட்ஸ்அப்பில் கடைசியாக ஒரு பூப்படம் அனுப்பி இன்றைக்கு 22 நாள். குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும்.

தம்பி சொல்லித்தான் தெரியும், நீ ஆறு மாதம் சாட் நாட்டுக்குப் போகிறாயாம். சூடான் எல்லையில் அட்ரே என்ற ஊராம், போனிலேயே படத்தை விரித்துக் காட்டினான். 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை தொடங்கிய பிறகு டார்ஃபூரில் இருந்து தப்பி வந்த சனம், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தானாம். நான் கேட்டது ஒன்றுதான், பொடியனை யார் பார்ப்பது? மருமகன் பார்ப்பாராம். சரி. பார்ப்பார். நல்ல மனுசன்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. அது தெரிந்துதானே என்னிடம் சொல்லாமல் தம்பியிடம் சொன்னாய்? மாமி கேட்டபோது பெருமையாகத்தான் சொன்னேன், என்ர மகள் வெளிநாட்டில் போய்ச் சனத்துக்கு மருந்து கட்டப் போகிறாள் என்று. சொல்லிவிட்டு உள்ளே வந்து அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டுவிட்டேன்.

நீ நர்ஸ், உனக்கு நான் என்ன சொல்லித் தருவது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், வரிசையில் நிற்பவர்களை மட்டும் பார்க்காதே. நாங்கள் இடம்பெயர்ந்து நின்ற சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அது விளங்க இரண்டு கிழமை பிடித்தது. நல்லாய் வாழ்ந்த சனம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வராது. பிள்ளைக்குப் பசி என்று சொல்லாது, இருட்டின பிறகு கடைசிப் பிள்ளையை ஒரு செம்போடு மெல்ல அனுப்பும். அப்படிப்பட்ட வீடுகளை நீயாகத் தேடிப் போக வேண்டும். கர்ப்பிணிகளையும் அப்படித்தான். பால்மாவைக் கொதித்து ஆறின தண்ணீரில் கரை. இது உனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்கு அப்போது ஏழு வயது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க வெளிக்கிடச் சொன்ன அந்த இரவு, நாவற்குழிப் பாலத்தில் அடிக்கு அடி நின்று நின்று நகர்ந்ததும், மழைத்தண்ணீர் பிடிக்கச் சனம் குடையைத் தலைகீழாகப் பிடித்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். தம்பி என் இடுப்பில், நீ சைக்கிள் கரியரைப் பிடித்தபடி. அப்பா கொழும்பில் மாட்டுப்பட்டிருந்தார். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கஞ்சிக்கு ஒரு கிடாரம் வைத்தேன். எனக்கு ஒருவரும் பதவி தரவில்லை, சத்தமாகக் கதைக்கத் தெரிந்த ரீச்சர் என்றபடியால் எல்லாம் என் தலையில் வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் அரிசியும் பயறும் கேட்டு நிற்பது, ஈரத் தென்னம்மட்டையை ஊதி ஊதி எரிப்பது, முல்லையும் முசுட்டையும் பிடுங்கப் பெட்டைகளை அனுப்புவது, இரவில் ஜாம் போத்தல் விளக்கில் கணக்கு எழுதுவது. சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த காலம், ஆனால் கஞ்சி ஒரு நாளும் நிற்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிரும்.

நீ போன வருசம் கேட்டாயே, "அம்மா, எனக்கு ஏன் எப்பவும் அடிச்சட்டிக் கஞ்சி?" என்று. நான் சிரித்து மழுப்பினேன். ரீச்சர் சீனியை ஒளித்துத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறா என்று ஒரு மனுசி பரப்பிவிட்டா. அதற்குப் பிறகுதான் உன்னை வரிசையின் கடைசியில் நிற்க வைத்தேன். தம்பி குழந்தை, அவனை ஒருவரும் கேட்கமாட்டார்கள். இரண்டு நாள் உன் முறை வந்தபோது கிடாரத்தில் ஒன்றும் இல்லை. நீ அழவில்லை. அகப்பையை வழித்து நக்கிவிட்டு, கழுவட்டோ என்று கேட்டாய். அதை நான் தியாகம் என்று மாமிக்குச் சொன்னேன். தியாகம் இல்லை பிள்ளை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த ஆறு மாதம் எனக்குப் பிடித்திருந்தது. ஷெல் விழுகிறது, ஊர் போய்விட்டது, ஆனால் விடியக் கண் முழிக்கும்போதே இன்றைக்கு என்ன வேலை என்று தெரியும், 200 பிள்ளைகள் ரீச்சர் ரீச்சர் என்று பின்னால் வரும். 1996 ஏப்ரலில் வீட்டுக்குத் திரும்பி, கூரை இல்லாத அடுப்படியில் மூன்று பேருக்கு உலை வைத்தபோது எனக்கு அழுகை வந்தது. வீடு உடைந்ததற்கு அழுகிறேன் என்று நீ வந்து கட்டிப்பிடித்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வவுனியாவிலும் அதேதான். 2009 ஏப்ரலில் வன்னிச் சண்டைக்குள் இருந்து ஓமந்தையால் சனம் வந்துகொண்டிருந்த கிழமை நான் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு நின்றேன், நீ கட்டுநாயக்காவில் தனியாக விமானம் ஏறினாய். வேறு ஆட்கள் இல்லாமலா? இருந்தார்கள். நான்தான் விட்டுவிட்டு வர விரும்பவில்லை.

இப்போது நீ போகிறதைப் பற்றித் தம்பி சொல்லும்போது, "அக்காவின்ர குரலே மாறிப்போச்சு, சந்தோசமா இருக்கிறா" என்றான். அதுதான் எனக்குப் பயம்.

நேற்று அலுமாரியில் இருந்து அந்தக் கஞ்சிக் கணக்கு எழுதின சீஆர் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பெயர், வயது, எந்த ஊர், எத்தனை நாள் கஞ்சி, எல்லாம் வடிவாக எழுதியிருக்கிறேன். இரண்டு தரம் தேடினேன். உன் பெயர் இல்லை. எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லைப் போல.

விமானம் எந்தத் திகதி என்று எழுது. பொடியன் இரவில் எழும்பி உன்னைத்தான் கேட்பான், மருமகனால் வேலைக்கும் போய் அதையும் பார்க்க முடியாது. நான் வந்து நிற்கிறேன். முழங்கால் பரவாயில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருந்தால் போதும். பாஸ்போர்ட் 2027 வரை செல்லும், விசாவுக்கு என்ன கடிதம் வேண்டும் என்று மருமகனைக் கேட்டு அனுப்பச் சொல்லு. குளிருக்கு உன் பழைய ஜக்கெட் ஒன்று இருந்தால் எறிந்துவிடாதே.

அம்மா