பாதி மாங்காய்க் கட்டைக்காக ஒரு வக்காலத்து

அன்புள்ள கல்யாணிக்கு,

பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை, உண்மைதான். நீயும் எழுதவில்லை, ஆகக் கணக்கு நேர். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் முன்பைவிட நன்றாக இருக்கிறது. மற்றதையெல்லாம் வைகாசியில் உன் புது வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

இப்போது எழுதுவது அந்தக் கட்டைகளுக்காக. புது வீட்டுத் திரையில் மாங்காய் வடிவம் அச்சிடக் கண்காட்சியில் நீ வாங்கிய இரண்டு மர அச்சுக்கட்டையும் உதவாதாம், விற்றவன் உன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டானாம், வெந்நீர் அடுப்புக்குத்தான் லாயக்காம். குரல் பதிவைக் கேட்டேன், படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டையின்மேல் ஒரு குற்றமும் இல்லையடி. குற்றவாளிகள் இரண்டு பேர்: துணிக்கு அடியில் நீ விரித்த மெத்தை ஒன்று, சாயம் ஊற்றிய தட்டு இன்னொன்று. வாட்ஸ்அப்பில் இதை விளக்கினால் பாதியில் நீ வேறு படம் அனுப்புவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் பாதி மாங்காய் வழக்கு. "ஒரு கட்டையில் முழு மாங்காய், இன்னொன்றில் உள்வயிறு மட்டும்தான், பாதியில் விட்டுவிட்டான்" என்கிறாய். அடி அறிவே, அது இரண்டாவது நிறத்துக்கான கட்டை! முதல் கட்டை வெளிக்கோடு, மற்றது அந்தக் கோட்டுக்குள் நிறம் நிரப்புவது. ராஜஸ்தானில் கோட்டுக் கட்டையை ரேக் என்றும், உள்ளே நிரப்புவதைத் தத்தா என்றும் சொல்வார்கள். பின்னணி முழுக்க நிறம் கொடுக்கத் தனியாக இன்னொரு கட்டையும் உண்டு. அவன் உனக்கு ஜோடியாகத்தான் கொடுத்திருக்கிறான். கோட்டை முதலில் அச்சிட்டு, கால் மணி நேரமாவது காயவிட்டு, அப்புறம் வயிற்றை வை. கட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளியோ வெட்டோ இருக்கிறதா பார். இருந்தால் அது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதற்கான அடையாளம்.

கட்டையில் இருக்கும் ஓட்டை விஷயமும் அப்படித்தான். அது பூச்சி அரித்ததில்லை. வடிவம் அடர்த்தியாக இருக்கும் கட்டையில் காற்று உள்ளே சிக்கினால் நடுவில் சாயம் பிடிக்காது, அதற்காக வேண்டுமென்றே துளைப்பது. குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் பேத்தாபூர் என்று ஓர் ஊர், தலைமுறை தலைமுறையாகத் தேக்கில் அச்சுக்கட்டை செதுக்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கைக்காரர்கள் வேண்டுமென்றே போடும் துளையை மெழுகு வைத்து அடைக்கப் பார்த்தவள் அநேகமாக நீ ஒருத்திதான்.

கட்டையில் கோணல் இருக்கிறதா என்று நிஜமாகவே பார்க்க வேண்டுமானால், முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் படுக்கப் போட்டு, செதுக்கிய பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் வை. நான்கு மூலையையும் விரலால் அழுத்திப் பார். ஆடவில்லையென்றால் கட்டை நேர். ஆடினால் 220 நம்பர் உப்புத்தாளைக் கண்ணாடிமேல் ஒட்டி, கட்டையை லேசாகச் சுற்றிச் சுற்றித் தேய். மேடாக இருக்கும் இடம் முதலில் வெளுக்கும், எல்லா இடமும் ஒரே மாதிரி வெளுத்ததும் நிறுத்திவிடு. அதற்குமேல் தேய்த்தால் கோடு தடிமனாகிவிடும். உங்கள் வீட்டு இன்ஜினியர் ரசமட்டம் எடுத்து வருவார், வேண்டாம் என்று சொல்.

இனி மெத்தை. உன் முதல் படத்தில் மாங்காயின் ஓரம் தெளிவாக விழுந்திருக்கிறது, நடுவில் வெள்ளைத் திட்டு. வெறும் டைனிங் டேபிள்மேல் ஒரு பெட்ஷீட் போட்டு அடித்திருப்பாய். அடிப்பரப்பு கெட்டியாக இருந்தால் கட்டையில் இம்மி மேடாக இருக்கும் இடம்தான் துணியைத் தொடும். மூன்றாவது படத்தில் அதற்கு நேர்மாறு: கோடுகளுக்கு நடுவிலும் சாயம், மொத்தமும் சேறு. அது கட்டில் மெத்தையில் வைத்து அடித்தது, மறைக்காதே, தலையணை ஓரம் படத்திலேயே தெரிகிறது. அங்கே கட்டை புதைந்து, துணி எழும்பிப் பள்ளத்தில் இருக்கும் சாயத்தையும் தொட்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் வேண்டும். கம்பளிப் போர்வையை நான்காக மடித்து மேஜையில் விரி. அழுத்திப் பார்த்தால் அரை அங்குலக் கனம் போதும். அதன்மேல் பழைய பருத்தி வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்து மேஜைக்கு அடியில் கட்டு. வழியும் சாயத்தை வேட்டி குடித்துக்கொள்ளும். கம்பளி இல்லையென்றால் பவானி ஜமக்காளம் இரண்டு மடிப்பு. சோபா மெத்தை, யோகா பாய் எதையும் பக்கத்தில் கொண்டுவராதே.

அடுத்தது சாயத் தட்டு. நேராகத் தட்டில் சாயத்தை ஊற்றிக் கட்டையை முக்குகிறாய், இல்லையா? நடுப் படத்தில் சொட்டுச் சொட்டாக நிற்கிறதே. முக்கக் கூடாது, ஒற்றவேண்டும். ஒரு தட்டையான பிளாஸ்டிக் டிரே எடு, கட்டையைப்போல இரண்டு மடங்காவது பெரிதாக. அதில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் கெட்டியான ஸ்பாஞ்ச். மெத்தைக் கடையில் துண்டாகக் கிடைக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஓட்டை பெரிது, அந்த ஓட்டையெல்லாம் அச்சில் விழும். ஸ்பாஞ்சை நனைத்து முழுக்கப் பிழிந்துவிட்டு வை, உலர்ந்தது போட்டால் சாயத்தை எல்லாம் அதுவே குடித்துவிடும். மேலே ஒரு பருத்தித் துண்டு. அதன்மேல் இரண்டு மேஜைக்கரண்டி சாயம் விட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்துச் சமமாகப் பரப்பு. அந்தக் கரண்டி திரும்ப அடுக்களைக்கு வரக் கூடாது. ஹாஸ்டல் நீல ரசத்தை நினைத்துக்கொள், அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கட்டையை அந்த ஸ்பாஞ்ச் பஞ்சில் மெதுவாக ஒரு தட்டு, கால் திருப்புத் திருப்பி இன்னொரு தட்டு. முகத்தைப் பார், பளபளப்பு எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், கோட்டு ஓரத்தில் குமிழ் நிற்கக் கூடாது. துணியில் வைத்தபின் நகர்த்தாதே. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி, நேர் மேலே தூக்கு. பஞ்சு புதிதாக இருக்கும்போது முதல் சில அச்சு எப்படியும் கனமாகத்தான் விழும், அதற்கென்று பழைய துணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள். எட்டுப் பத்து அச்சுக்கு ஒரு தரம் ஒரு கரண்டி சாயம் சேர். துணிச்சாயம் அக்ரிலிக் என்பதால் கட்டையிலேயே காய்ந்து தோல் போடும், மெல்லிய கோடெல்லாம் அடைத்துக்கொள்ளும். இருபது அச்சுக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, பழைய பல்துலக்கியால் இடுக்கைத் தேய்.

கட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாயா? அப்படியென்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் எடு. மரம் உப்பி, காயும்போது விரிசல் விடும். புதுக் கட்டைக்கு எண்ணெய்தான் வேண்டும். கடுகெண்ணெயில் பல நாள் ஊறவைத்துவிட்டுத்தான் வேலைக்கு எடுப்பார்கள். வீட்டில் எண்ணெய் தடவி ஓர் இரவு வைத்துத் துடைத்தால் போதும். பிறகு சோப்பு போட்டுத் தேய்த்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய்க் கறை நிற்கும்வரை வேண்டாத துணியில் அச்சிடு.

துணி பற்றி நீ கேட்கவே இல்லை, ஆனால் பாதிக் காரியம் அங்கேதான் இருக்கிறது. திரைக்கு வாங்கிய காடாத் துணியை அப்படியே போட்டிருக்கிறாய். கஞ்சி போகாத துணியில் சாயம் கஞ்சிமேல்தான் உட்காரும், முதல் துவையலில் இரண்டும் சேர்ந்து போய்விடும். வெந்நீரில் சோப்பு போட்டு அலசி, காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். முத்தாக நின்றால் இன்னொரு தரம் அலசு. சந்தேகமென்றால் ஓரத்தில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின், கஞ்சி இருந்தால் கருநீலமாகும். துணி சுருங்குவதும் இதிலேயே முடிந்துவிடும், அளந்து வெட்டுவது அப்புறம்.

சாயம் கெட்டியாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றினாயா? மாங்காயைச் சுற்றி முடி முளைத்ததுபோல் நூல் வழியே சாயம் ஓடியிருக்கிறதே, அது அதனால்தான். தண்ணீர் சேர்த்தால் சாயத்தைத் துணியோடு பிடித்து வைக்கும் பசையும் நீர்த்துவிடும். இளக்க வேண்டுமானால் துணிச்சாயக் கடையிலேயே மீடியம் என்று தனியாக விற்கிறார்கள், அதைச் சேர். நிறமும் வெளிறும், பசையும் குறையாது. அடர்நிறத் துணியில் சாதாரணச் சாயம் தெரியாது, மறைக்கும் தன்மையுள்ள வகை என்று கேட்டு வாங்கவேண்டும்.

உன் நாத்தனார் சொன்ன உப்புத் தண்ணீர், வினிகர் வைத்தியம் எதுவும் இதற்குச் செல்லாது. துணியைத் தொட்டியில் முக்கிச் சாயமேற்றும்போது உப்புக்கு வேலை உண்டு, இங்கே பசையைப் பிடிக்கவைப்பது சூடுதான். அச்சிட்டபின் ஒரு நாள் முழுக்கக் காயவிடு. பின்பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, பருத்திச் சூட்டில், நீராவி இல்லாமல், இடத்துக்கு இடம் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் இஸ்திரி போடு. மூன்று நாள் கழித்துத்தான் முதல் துவையல்.

ஒரு திரைக்குக் கணக்கு சொல்கிறேன். 4 அடி அகலம், 7 அடி உயரம். உன் கட்டை 3 அங்குலம், நடுவில் 3 அங்குல இடைவெளி விட்டால் அச்சுக்கு அச்சு 6 அங்குலம். வரிசைக்கு 8, மொத்தம் 14 வரிசை. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை அரைக்கட்டம் தள்ளி 7 வை. ஆக 105 அச்சு. 100 மில்லி சாயம் தாராளமாகக் காணும். நடுவரிசையிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போ, ஓரத்திலிருந்து தொடங்கினால் பிசகு முழுதும் மறு ஓரத்தில் போய்க் குவியும். துணியை மடித்து மடிப்புக்கோடு போட்டுக்கொள். தையல்காரரின் மெழுகுச் சாக்கு வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் உருகிக் கறையாகிவிடும். பார்டர் மூலை திரும்பும் இடத்தில் செய்தித்தாளைக் குறுக்காக 45 பாகையில் வைத்து மறைத்து அச்சிடு, பிறகு தாளைத் திருப்பி வைத்து மற்றப் பக்கம்.

இயற்கைக் கறுப்பு வேண்டும் என்கிற ஆசையை இந்த வைகாசிக்கு ஒத்திவை. கலம்காரிக் கறுப்பு பொல்லாதது. கடுக்காயில் தோய்த்த துணிமேல், துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் வாரக்கணக்கில் புளிக்கவைத்த நீர் படும்போதுதான் கறுப்பு பிறக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இரும்பு மிஞ்சினால் அந்தக் கோடு துணியையே தின்றுவிடும். ஆந்திராவில் பெடனாவிலும் ராஜஸ்தானில் பக்ருவிலும் கை பழகினவர்கள் செய்கிற காரியம் அது. புது வீட்டுத் திரையில் பரீட்சை பார்க்காதே.

பேத்திக்குத் தொட்டில் துணியும் அச்சிடப் போகிறேன் என்றாயே, அதைச் செய்யாதே கல்யாணி. நாள் முழுக்கத் துணியை வாயில் வைக்கும் வயது. டப்பாவில் நச்சில்லை என்று போட்டிருக்கலாம், அது சப்புவதற்குக் கொடுத்த அனுமதி இல்லை. அவள் அறைக்குத் திரை போடு, சுவரில் மாட்ட ஒரு துணிப்படம் போடு. கொஞ்சம் வளர்ந்தபின் வெண்டைக்காய்க் காம்பையும், நறுக்கிய வாழைமட்டையையும் கையில் கொடுத்துக் காகிதத்தில் ஒற்றச் சொல். மட்டையின் கண்ணறைகள் வலை வலையாக விழும். நறுக்கிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டால் போதும்.

இன்னொன்று. "கை கொஞ்சம் வலி" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டாய். எந்தக் கை? கட்டையை முஷ்டியால் குத்துகிறாயா? 3 அங்குலக் கட்டைக்குக் குத்தே வேண்டாம். மெத்தை சரியாக இருந்தால் சாய்ந்து அழுத்தினாலே விழும். நின்றுகொண்டு, சமையல் மேடை உயரத்தில் வைத்துச் செய். தரையில் குந்தி 105 தரம் குத்தினால் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்? இரண்டு வரிசைக்கு ஒருமுறை நிறுத்து. விரல் மரத்துப்போனால் திரை கிடக்கட்டும், டாக்டரைப் பார். போன வருஷம் தோள்பட்டையை மறைத்ததுபோல் இதையும் மறைத்தால் நான் இன்ஜினியருக்கே நேராக எழுதுவேன்.

அழைப்பிதழ் உறைக்கு ரப்பர் முத்திரை செதுக்குகிறேன் என்றதை இந்தக் கையோடு செய்யாதே, அடுத்த வீட்டுப் பையனிடம் கொடு. பெரிய அழிரப்பர் போதும். ட்ரேசிங் தாளில் பென்சிலால் எழுதி, தாளைக் குப்புறப் போட்டு நகத்தால் தேய்த்தால் எழுத்து இடவலம் மாறி ரப்பரில் ஏறும், அச்சில் நேராக வரும். செதுக்கும்போது கத்தியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்பச் சொல், மறு கை எப்போதும் கத்திக்குப் பின்னால். கோட்டின் சரிவு வெளிப்பக்கம் விரிய வேண்டும். உள்பக்கம் குடைந்தால் நாலு முத்திரையில் கோடு பிய்ந்துவிடும். ஆபீஸ் ஊதா மை வேண்டாம், வெயிலில் வெளிறும். பிக்மென்ட் மை வாங்கு.

வருகிற வாரம் அரை மீட்டர் துணியில் அச்சிட்டு, பாதியை மட்டும் துவைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் திரையைத் தொடலாமா என்று.

அன்புடன்,
வசந்தா

பி.கு.: 7 அடி என்பது தைத்தபின் உயரம். மேலே வளையப் பட்டிக்கு 4 அங்குலம், கீழே மடிப்புக்கு 6 அங்குலம் கூடுதலாக வெட்டி, அந்த இரண்டு பட்டையிலும் அச்சிடாமல் விடு. தையலுக்கு அச்சு முடிந்து இஸ்திரி போட்ட பிறகு கொடு.