வட்டம் போட்ட பிறகு நாற்காலி

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்பு மகள் யாழினிக்கு,

அப்பா எழுதுகிறேன். உள்ளரங்க வடிவமைப்பு படிக்கப் போய் இன்னும் ஒரு நாற்காலிகூட வரையவிடவில்லை, வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம் போட்டுக் கோட்டால் இணைக்கச் சொல்கிறார்கள் என்று போனில் அலுத்துக்கொண்டாய். அந்த ஆசிரியரை எனக்குப் பிடித்துவிட்டது. எந்த வேலைக்குப் பக்கத்தில் எந்த வேலை என்று யோசிக்காமல் வீடு கட்டுகிறவர்களால்தான் நம் தச்சுப் பட்டறை பாதி நாள் பிழைக்கிறது. அடித்த அலமாரியைப் பெயர்த்து வேறு சுவரில் அடிப்பதற்கும் கூலி உண்டல்லவா?

நீ அனுப்பிய பாடக் குறிப்புகளைப் படித்தேன். எந்த வண்ணத்தோடு எது சேரும் என்று காட்டும் வண்ணச் சக்கரப் பக்கத்தை மேலோட்டமாகப் புரட்டிவிட்டேன். மேற்கு வெயில் சுவரில் விழும்போது பார்க்காமல் நம் ஊரில் எந்த வண்ணத்தையும் முடிவு செய்யாதே, அவ்வளவுதான். 1926இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்குக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற அம்மையார் வரைந்த சமையலறையை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயிலின் உணவுப் பெட்டியைப் பார்த்து யோசித்தாராமே! காட்பாடியில் வண்டி நிற்கும்போது எட்டிப் பார், அந்தச் சந்துக்குள் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்று. கெட்டிக்காரர் அந்த அம்மையார்.

அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 13 முதல் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உன் குறிப்பு. இதில்தான் எனக்கு வழக்கு. 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வகுத்த கணக்கு, அவர்கள் வீட்டுக்குச் சரி. நம் வீட்டில் கிரைண்டர் எந்த மூலை? குழாய் வராத நாளுக்குப் பிடித்துவைக்கும் குடங்கள்? ஆயா அரிவாள்மனையோடு தரையில் உட்கார்ந்துவிட்டால் உன் அம்மா சுற்றிக்கொண்டுதான் தொட்டிக்குப் போகிறாள். இவற்றுக்கும் வட்டம் போட்டாயா?

சமையல் மேடை உயரமும் அப்படித்தான். எல்லோரும் 34 அங்குலம் என்பார்கள். நான் உன் அம்மாவை நிற்கவைத்து, முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே டேப் பிடித்து, 31 அங்குலத்தில் போடச் சொன்னேன். கடப்பா கல் பதித்த கொத்தனார் சிரித்தார். இன்று இட்லிக் குண்டானைத் திறந்தால் ஆவி அவள் முகத்தில் அடிப்பதில்லை.

விடுமுறைக்கு வரும்போது குடியாத்தத்தில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போகிறோம். மாமியாரும் மருமகளும் சமைக்கிறார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. மேடை ஒன்றுதான். நீயே வரைந்து கொடு. உதவியாளுக்குத் தரும் கூலியைத்தான் தருவேன், மகள் என்று கூட்டிக் கேட்காதே.

அன்புடன்,
அப்பா