சுரங்கத்தில் உழைத்தவரின் தூரிகை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் ஸ்பென்னிமூர் நகரத்து ஓவியர் நோர்மன் கோர்னிஷ் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்துடன் வாசித்தேன். பதினான்கு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி, 33 ஆண்டுகள் உழைத்து, முதுகு நோவினால் 1966இல் வேலையை விட்ட அவரை, தொழிலாளியாக இருந்தும் வரைய வந்ததே என்று கட்டுரையாளர் வியக்கிறார். தொழிலாளியாக இருந்தமையால்தான் அவருக்கு அப்படி வரைய வந்தது என்பது என் கருத்து.

ஜப்பானின் யமமோட்டோ சகுபே (1892–1984) இதற்கு இன்னும் வலுவான சான்று. கியூஷு தீவின் சிக்குஹோ நிலக்கரிப் பிரதேசத்தில், சிறுவனாகப் பெற்றோருடன் சுரங்கத்துக்குப் போகத் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அத்தொழிலிலேயே கழித்த இவர், அறுபது வயதைத் தாண்டிய பின்னரே, பேரப்பிள்ளைகள் அறியட்டும் என்று தூரிகையை எடுத்தார். நிமிர இடமில்லாத பொந்தில் கணவன் ஒருக்களித்துப் படுத்தபடி கரியை வெட்ட, மனைவி அதனை வாரிக் கட்டி இழுத்துச் செல்வதை அவர் வரைந்திருக்கிறார். வாயு வெடிப்பையும், தப்பியோட முயன்று பிடிபட்டவர்களுக்கு விழுந்த அடியையும்கூட விட்டுவைக்கவில்லை. படத்தில் அடங்காதவற்றை ஓரத்தில் எழுத்தாகவே நிரப்பினார். ஓவியக் கல்லூரியில் பயின்றவர்கள் அவருடைய மனித உருவங்களில் குறை காணலாம். எந்த முழங்காலை ஊன்றினால் பாரம் நகரும் என்பதில் அவரிடம் குறை காண முடியாது. அவரது ஓவியங்களும் நாட்குறிப்புகளும் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஜப்பானிலிருந்து அப்பதிவேட்டில் இடம்பெற்ற முதலாவது சேகரிப்பு, அரண்மனை ஆவணம் எதுவுமன்று, இந்தச் சுரங்கத் தொழிலாளியினுடையதே.

கொழும்பில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் விற்பனைக்குத் தொங்கும் தேயிலைத் தோட்ட ஓவியங்கள் பலவற்றில், கொழுந்து பறிக்கும் பெண் சலவைச் சேலையில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முதுகுக் கூடைக்குப் பாரமே இல்லை. (வாங்குவோர் அதைத்தான் கேட்கிறார்கள் என்று ஓவியர் ஒருவர் சொன்னார், அவரைக் குறைகூற மாட்டேன்.) கூடைக்கயிறு தலையில் அழுந்தும் இடம், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, அட்டைக்குப் பயந்து காலில் தேய்த்த சவர்க்காரம், நிறை குறைந்து இன்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) ஆகிவிடுமோ என்று நிறுவையின்போது தராசையே பார்க்கும் கண் ஆகியவற்றை மலையில் நின்றவர்களே அறிவார்கள். தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் விழா எடுத்து நினைவுகூர்ந்தோம். அந்த வாழ்வை அங்கு உழைத்தவர்களே வரைந்த படங்களாகச் சேர்த்துவைக்கும் பணி இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

ஆகவே, தங்கள் ஞாயிறு இதழில் மாதத்துக்கு ஒரு முறையேனும் கால் பக்கத்தை ஒதுக்கி, ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களின் சித்திரங்களை, அவர்கள் சொல்லும் விளக்கத்தைத் திருத்தாமல் அவர்களுடைய பேச்சிலேயே சேர்த்து, வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) படம் வரையும் முதியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கத் தங்கள் பிரதேச நிருபர்களால் முடியும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.