பேட்ச் அனுப்பும் முன்

அன்பு மச்சான்,

உன் கடிதமும், லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்ப நீ எழுதிய பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) ஃபைலும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. காசிமேட்டில் விடியற்காலையில் மறுபடியும் கால் வைக்க இடமில்லை. வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் சாயங்கால வகுப்பும் நடக்கிறது. பழைய லேப்டாப்களில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். உன் பேட்ச் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் போய்விட்டால் அந்த வரிகளைத் திறந்து அவர்களுக்குக் காட்ட வேண்டும், நம்ம ஏரியா ஆள் எழுதியது என்று. அந்த ஆசையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ கண்டுபிடித்தது நிஜமான பிழை. சோர்ஸைத் திறந்து நானும் பார்த்தேன். சாதனத்தை முதலில் தயார் செய்யும் கட்டமான புரோப் பாதியில் தோற்றால், ஆன் செய்த கிளாக்கை (சாதனத்துக்குத் துடிப்பு கொடுப்பது) ஆஃப் செய்யாமலே அந்த டிரைவர் (சாதனத்தை இயக்கும் கோட்) திரும்பிவிடுகிறது. சரியான இடத்தில் இரண்டே வரியில் தீர்த்திருக்கிறாய். கோடில் குறை இல்லை. மேலே எழுதிய விளக்கம்தான் போதாது. ‘டிரைவர் பிழை சரி செய்யப்பட்டது’ என்று விட்டுவிட்டாய். எந்த வரி மாறியது என்பதைப் பழையதையும் புதியதையும் ஒப்பிடும் டிஃப்பே காட்டிவிடும். ஏன் மாற்றினாய் என்பதை நீ சொன்னால்தான் உண்டு. படிக்கப்போகும் பராமரிப்பாளரிடம் (கெர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர்) உன் சர்க்யூட் போர்டு கிடையாது, ஓசூர் ஃபேக்டரியில் நீ ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்த லாக் கிடையாது. எந்தச் சூழலில் புரோப் தோற்கிறது, தோற்றால் கிளாக் ஓடிக்கொண்டே இருந்து பேட்டரி எப்படிக் கரைகிறது, மாற்றியபின் எந்த போர்டில் சோதித்தாய், எல்லாவற்றையும் எழுது. வரிக்கு 75 எழுத்துக்குள் மடக்கு. ஐந்து வருஷம் கழித்து யாரோ ஒருவர், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில், ஒரு வரி எந்த மாற்றத்தில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் போட்டு இந்த வரிக்கு வந்து நிற்பார். அவருக்குக் கிடைக்கப்போவது நீ இன்று எழுதும் இந்தப் பத்திதான். எனக்கு ஒரு நல்ல பேட்ச்சில் பாதிக்கு மேல் இதுதான்.

இந்தப் பிழை எந்தக் கமிட்டில் (கிட்டில் பதிவான மாற்றத்தில்) நுழைந்தது என்று தேடி, ‘ஃபிக்ஸஸ்’ என்று ஒரு வரி சேர். அந்தக் கமிட் எண்ணின் முதல் 12 எழுத்தும் அதன் தலைப்பும் இருந்தால் போதும். ஏற்கெனவே வெளியாகித் திருத்தங்கள் மட்டும் பெறும் பழைய ஸ்டேபிள் கெர்னல்களுக்கும் இந்தத் திருத்தம் போய்ச்சேர அது உதவும்.

அடுத்தது, நீ ஒரே பேட்ச்சில் மூன்று வேலை செய்திருக்கிறாய். பிழையைத் தீர்த்தது ஒன்று. கூடவே வேரியபிள் பெயரை மாற்றியிருக்கிறாய், பழைய ஸ்பேஸ்களை டேப் ஆக்கியிருக்கிறாய். மூன்றும் நல்லவைதான், ஆனால் தனித்தனியாகப் போக வேண்டும், பிழைத்திருத்தம் முதலில். ஒவ்வொரு பேட்ச்சைப் போட்ட பிறகும் கெர்னல் கம்பைல் ஆகி ஓட வேண்டும். எங்கே கெட்டது என்று தேடுகிறவர்கள் கிட் பைசெக்ட் வைத்துப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஆயிரம் கமிட் இருந்தாலும் ஏறக்குறைய பத்துச் சோதனையில் குற்றவாளி சிக்கிவிடும். நடுவில் கம்பைல் ஆகாத ஒன்று கிடந்தால் அந்தத் தேடலே குழம்பிப்போகும். இப்போதைக்குப் பிழைத்திருத்தத்தை மட்டும் அனுப்பு என்பதுதான் என் யோசனை.

கடைசியில் சைன்ட்-ஆஃப்-பை வரி, அதாவது உன் பெயரும் மெயில் முகவரியும் போடும் கையொப்பம். அதைச் சாதாரணமாக நினைக்காதே. 2003-ல் எஸ்சிஓ என்ற மென்பொருள் நிறுவனம் ஐபிஎம் மேல் வழக்குப் போட்டு, லினக்ஸில் தன் கோட் இருக்கிறது என்று சொன்னது. அதற்குப் பிறகு, 2004-ல்தான் இந்தக் கையொப்ப வழக்கம் வந்தது. ‘இந்தக் கோடைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு’ என்று அந்த வரியில் நீ உறுதி கொடுக்கிறாய். நீ எழுதியது ஃபேக்டரி வேலை நேரத்தில். அதனால் மேலாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிய பிறகே கையொப்பம் போடு.

ஆபீஸ் மெயிலில் இருந்து அனுப்பாதே. கீழே ‘இது ரகசியத் தகவல்’ என்று ஒட்டிக்கொண்டு போனால் பராமரிப்பாளர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பல மெயில் ஆப்கள் டேப்பை ஸ்பேஸாக்கும், நீள வரியை உடைக்கும். அப்புறம் பேட்ச் அங்கே ஒட்டவே ஒட்டாது. அட்டாச்மென்ட்டும் வேண்டாம், எச்டிஎம்எல்லும் வேண்டாம். கிட் ஃபார்மட்-பேட்ச்சில் ஃபைலை எடு, நடைத் தவறுகளைப் பிடிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டு, யாருக்கு அனுப்புவது என்று கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டைக் கேள், பிறகு கிட் சென்ட்-இமெயில். முதலில் உன் முகவரிக்கே அனுப்பி, வந்த மெயிலைக் கிட் ஏஎம் கொடுத்து ஒட்டிப் பார். அங்கே ஒட்டினால் எங்கேயும் ஒட்டும்.

அனுப்பியபின் பொறுமை வேண்டும். ஒவ்வொரு வெளியீடு முடிந்ததும் இரண்டு வாரம், ஏற்கெனவே சேர்த்துவைத்த மாற்றங்களைக் கெர்னலில் இணைக்கும் மெர்ஜ் விண்டோ இருக்கும். அப்போது பராமரிப்பாளர்கள் தலை நிமிர முடியாது. சில பிரிவுகளில் புது அம்சங்களை வாங்குவதே இல்லை, நம்ம கடலுக்குத் தடைக்காலம் மாதிரி. பிழைத்திருத்தம் போகலாம், பதில்தான் தாமதமாகும். ஒரு வாரமாவது பொறுத்துவிட்டு மரியாதையாக நினைவூட்டு.

பதில் வந்தால், அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அதன் கீழேயே பதில் சொல். முழு மெயிலுக்கும் மேலே தனியாக எழுதாதே. திருத்தினால் தலைப்பில் வி2 (இரண்டாம் பதிப்பு) என்று போடு. என்ன மாறியது என்பதை, விளக்கத்துக்குப் பின்னால் வரும் ‘---’ என்ற மூன்று சிறு கோடுகளுக்குக் கீழே எழுது. அங்கே எழுதுவது கிட் வரலாற்றில் பதியாது, படிப்பவருக்கு மட்டும் தெரியும். கேள்விகள் கறாராக இருக்கலாம். அவர்கள் கோடைத்தான் கேட்கிறார்கள், உன்னை இல்லை. உனக்குச் சரி என்று பட்டதைக் காரணத்தோடு சொல், விட்டுக்கொடுக்காதே.

விளக்கத்தைப் புதிதாக எழுதி முதலில் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை, அன்றே படித்துவிட்டுச் சொல்கிறேன். அம்மாவிடம் கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
உன் தண்டையார்பேட்டை மச்சான்