ராணுவ நாவல் எழுதும் தம்பிக்கு: டாம் கிளான்சியிடம் எதை எடுப்பது, எதை விடுவது

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்தேன். ராணுவக் கதைகள் எழுதிய அமெரிக்க நாவலாசிரியர் டாம் கிளான்சி மாதிரி எழுத ஆசை என்கிறாய். நல்ல ஆசைதான். ஆனால் ஆயுதங்களின் பெயரையும் எடையையும் வேகத்தையும் மட்டும்தான் நீ அவரிடமிருந்து எடுத்திருக்கிறாய். அவர் கதைகளில் கருவி வந்தால் யாரோ ஒருவருடைய முடிவு மாறும். உன் கதையில் கருவி வருகிறது, போகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கிளான்சி படையில் வேலை பார்த்தவரே இல்லை. 1947-இல் பால்டிமோரில் பிறந்தவர். கண்பார்வைக் குறைவால் ராணுவத்தில் சேர முடியவில்லை. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு மேரிலாந்தில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தார். 1984-இல் அவருடைய முதல் நாவல் 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' வந்தது. போட்டது நேவல் இன்ஸ்டிட்யூட் பிரஸ்; கடற்படை சார்ந்த நூல்களைப் போட்டுவந்த பதிப்பகம், அதற்கு முன் புது நாவல் எதையும் வெளியிட்டதில்லை. முன்பணம் 5,000 டாலர். ஜனாதிபதி ரீகன் அதைப் பாராட்டிய செய்தி பரவியதும் விற்பனை எங்கோ போய்விட்டது. கடற்படைச் செயலர் ஜான் லேமன் 'இதை வெளியிட யார் அனுமதி கொடுத்தது?' என்று கேட்டதாகக் கிளான்சியே சொல்லியிருக்கிறார். யாரும் கொடுக்கவில்லை, கொடுக்க அவசியமும் இருக்கவில்லை. கடையில் விலைக்குக் கிடைத்த கையேடுகளையும் கடற்படை இதழ்களையும் படித்து, முன்னாள் நீர்மூழ்கி ஆட்களிடம் பேசி, மீதியை யோசித்து எழுதியது அது. ஆகவே 'ரகசியத் தகவல் கிடைக்கவில்லை' என்று இனி என்னிடம் சொல்லாதே.

கதையின் விதை எங்கிருந்து வந்தது என்பதைக் கவனி. 1975 நவம்பரில் ரீகா துறைமுகத்தில் நின்ற 'ஸ்டோரோஷெவோய்' என்ற சோவியத் போர்க்கப்பலை வலேரி சாப்ளின் என்ற அதிகாரி கைப்பற்றினார். கேப்டனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கப்பலைக் கடலுக்குக் கிளப்பினார். விமானங்கள் குண்டு போட்டுத்தான் நிறுத்தின. 1976-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கப்பல் ஸ்வீடனுக்குத் தப்பி ஓட முயன்றதாக மேற்கில் நம்பினார்கள். உண்மையில் சாப்ளின் ஒரு தீவிரக் கம்யூனிஸ்ட். லெனின்கிராடுக்குப் போய், புரட்சிக்குத் துரோகம் நடக்கிறது என்று மக்களிடம் பேச நினைத்தவர். கிளான்சி எடுத்துக்கொண்டது மேற்கத்திய வடிவத்தை. ஆனால் இரண்டை மாற்றினார். கலகம் செய்த சாப்ளின் கப்பலின் அரசியல் அதிகாரி, அதாவது கப்பலில் கட்சியின் ஆள். நாவலிலோ கேப்டன்தான் தப்பி ஓடுகிறார், அரசியல் அதிகாரியைக் கொன்றுவிட்டு. அடுத்து, மேற்பரப்புக் கப்பலை 'ரெட் அக்டோபர்' என்ற ஏவுகணை நீர்மூழ்கியாக்கினார். மேற்பரப்புக் கப்பலை விமானம் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும், கதை முடிந்துவிடும். நீர்மூழ்கி ஒளியும். அதில் அணு ஏவுகணை இருப்பதால், அது தப்பி வருகிறதா தாக்க வருகிறதா என்று வாஷிங்டன் குழம்பியே ஆகவேண்டும். இந்த ஒரு மாற்றம்தான் நாவலை முழுசாகத் தாங்குகிறது.

இப்போது சோனார் காட்சிக்கு வா. நீருக்கடியில் ஒலியை வைத்துக் கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவிதான் சோனார். அமெரிக்க நீர்மூழ்கி 'டல்லஸ்' வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒலி அனுப்பினால் தன் இருப்பிடம் தெரிந்துவிடும். ரெட் அக்டோபரின் புரொப்பல்லர் சத்தம் திடீரென்று காணாமல் போகிறது. அதற்குப் பிறகு வந்த மெல்லிய ஒலியை, பூமிக்கடியில் எரிமலைக் குழம்பு நகரும் சத்தம் என்று கணினி சொல்கிறது. அந்த மென்பொருள் நிலநடுக்க ஆய்வுக்காக எழுதப்பட்டதிலிருந்து வந்தது. புரியாத ஒலி கிடைத்தால் பழைய பாடத்துக்கே திரும்பிவிடும். இந்தக் குறை தெரிந்த இளம் சோனார்காரர் ஜோன்ஸ், கணினியை நம்பாமல் தன் காதை நம்புகிறார். கேப்டன் மான்கூசோ இயந்திரத்தை நம்புவதா, பையனை நம்புவதா? பார், ஒரு மென்பொருளின் பிறப்பு வரலாறு இரண்டு மனிதர்களின் உறவாகிவிட்டது. துரத்தலிலும் இதே கதைதான். வேகமாகப் போனால் சொந்தச் சத்தத்தில் காது அடைத்துவிடும், மெதுவாகப் போனால் இலக்கு நழுவிவிடும். நீர்மூழ்கிக்கு நேர்பின்னால் எதுவும் கேட்காது. அதனால் ரஷ்யக் கேப்டன் திடீரென்று வட்டமடித்துப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார். பின்தொடர்பவர் அந்தக் கணமே இயந்திரத்தை அடக்க வேண்டும், ஆனால் ஓடிவந்த கப்பல் உடனே நிற்காது. பதற்றம் அங்கே தானாகவே பிறக்கிறது.

'ரெட் ஸ்டார்ம் ரைசிங்' (1986) படிக்கும்போது விமானந்தாங்கிக் கப்பல்கள் மீதான தாக்குதலைப் பென்சிலோடு படி. லாரி பாண்டுடன் சேர்ந்து உருவாக்கிய நாவல் அது. பாண்ட் முன்னாள் கடற்படை அதிகாரி, 'ஹார்பூன்' என்ற போர் விளையாட்டை அமைத்தவர். அந்தச் சண்டையை இருவரும் அதன் விதிகளின்படி விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள். சோவியத் தரப்பு பழைய கெல்ட் ஏவுகணைகளைப் பொய்யிலக்காக அனுப்புகிறது. ராடாரில் அவை குண்டுவீச்சு விமானம் போலத் தெரிகின்றன. அமெரிக்காவின் டாம்கேட் போர் விமானங்கள் அந்தப் பக்கம் பாய்ந்து ஏவுகணைகளைச் செலவழிக்கின்றன. ஒரு டாம்கேட் அதிகபட்சம் 6 ஃபீனிக்ஸ் ஏவுகணைகள்தான் சுமக்கும். தீர்ந்தால் கப்பலுக்குத்தான் திரும்ப வேண்டும். அந்த இடைவெளியில் நிஜமான பேக்ஃபயர் குண்டுவீச்சு விமானங்கள் வேறு திசையிலிருந்து வருகின்றன. ஃபிரெஞ்சுக் கப்பல் 'ஃபோஷ்' மூழ்குகிறது, அமெரிக்கக் கப்பல் 'நிமிட்ஸ்' அடிபடுகிறது. அமெரிக்கர்கள் முட்டாள்களாக இருந்து தோற்கவில்லை. கணக்கு தீர்ந்து தோற்கிறார்கள்.

தகவல் பிழைகள் அவருக்கும் உண்டு. ரெட் அக்டோபரில் 26 ஏவுகணைகள்; நிஜ சோவியத் டைஃபூன் ரக நீர்மூழ்கியில் 20. ராடாரில் சிக்காத விமானத்தை வளைவான உடலோடு கற்பனை செய்தார். 1988-இல் அப்படிப்பட்ட நிஜ அமெரிக்க விமானமான எஃப்-117-இன் படம் வெளியானபோது அது பட்டை தீட்டிய கல் மாதிரி இருந்தது. இவை நாவலைக் கெடுக்கவில்லை. கெடுத்தது வேறு. 'டெட் ஆஃப் ஹானர்' (1994) படி. இந்தியக் கடற்படை இலங்கைமீது படையெடுக்கத் தயாராகிறது. கப்பல்களெல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் 1987-இல் போன அமைதிப்படை சுமார் 1,200 உயிர்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பியது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் நடந்தது. அதற்குப் பிறகு எந்த டெல்லி அரசு மறுபடி அங்கே படை இறக்கும்? நம் ஊர் டீக்கடையில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். ஆயுதத்துக்குப் படித்த அளவு அரசியலுக்கு அவர் படிக்கவில்லை. உன் கதையும் இந்தியப் பெருங்கடலில் நடப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவருடைய செல்வாக்கு புத்தகத்தோடு நிற்கவில்லை. 1996-இல் ரெட் ஸ்டார்ம் என்டர்டெயின்மென்ட் என்ற வீடியோ கேம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1998-இல் வந்த 'ரெயின்போ சிக்ஸ்' விளையாட்டில் உள்ளே நுழையுமுன் வரைபடத்தில் ஒவ்வொரு குழுவின் பாதையையும் நீயே போட வேண்டும். ஒரே குண்டில் ஆள் போய்விடலாம். திட்டம்தான் சண்டை என்ற அவர் எண்ணம் அதில் நாவலைவிடத் தெளிவாகத் தெரியும் என்பேன். 2000-இல் யுபிசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. மற்றவர்கள் எழுதி, அட்டையில் அவர் பெயர் பெரிதாக வந்த வரிசைகளும் உண்டு. அவற்றில் நீ நேரம் செலவழிக்காதே. 2013-இல் அவர் இறந்தார். கடைசிக் கால நாவல்கள் பருத்துப்போனவை. அவற்றில் தகவல் இருக்கிறது, ஆனால் அந்தத் தகவலால் யாருடைய முடிவும் மாறுவதில்லை.

உன் இரண்டாம் அத்தியாயத்தில் ராடார் பற்றி நான்கு பத்திகள் இருக்கின்றன. மூன்றை வெட்டு. கடல் கொந்தளிக்கும்போது சின்னப் படகு ராடாரில் அலையோடு அலையாகக் கலந்துவிடும் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் வைத்துக்கொள். உன் லெப்டினன்ட் அந்தப் புள்ளியைப் படகு என்று நம்பிக் கப்பலைத் திருப்புகிறாளா, அலை என்று விட்டுவிடுகிறாளா? அத்தியாயம் அங்கிருந்து தொடங்கட்டும். திருத்தியதும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்